திருநெல்வேலிச் சீர்திருத்தத் திருச்சபையில் அத்தியட்ச அதிகாரமும் சபைகளின் தன்னுரிமையும் (1820–1947)

ஆய்வுச் சுருக்கம்

திருநெல்வேலிச் சீமையின் சீர்திருத்தக் கிறிஸ்தவ வரலாற்றில் திருச்சபைத் தலைமையின் அதிகாரத்திற்கும் ஊர்ச்சபைகளின் தன்னுரிமைக்கும் இடையே எழுந்த முரண்பாடுகளை இக்கட்டுரை ஆராய்கிறது. 1835-இல் ரேனியஸ் ஐயரை முன்னிட்டு ஏற்பட்ட பிளவும், 1857-ஐ ஒட்டி மூக்குப்பேறியில் அருமைநாயகம் என்னும் சட்டம்பிள்ளை நிறுவிய இந்து கிறிஸ்தவ சபையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. குருப்பட்டம் அளிக்கும் உரிமை யாருடையது என்ற இறையியல் வினா, நடைமுறையில் ஆலயம், நிலம், ஊதியம் ஆகியவை யார் கையில் உள்ளன என்ற வினாவோடு பிணைந்திருந்தது என்பதும், ஒரு சபையின் தன்னுரிமை நிலைத்ததும் நிலையாமற் போனதும் பின்னதைப் பொறுத்தே அமைந்தன என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: திருநெல்வேலித் திருச்சபை, ரேனியஸ், சட்டம்பிள்ளை, குருப்பட்டம், உபதேசியார், சபைத் தன்னுரிமை, தென்னிந்தியத் திருச்சபை.

முன்னுரை

கிறிஸ்தவத் திருச்சபையின் ஆட்சிமுறைகளுள் இரண்டு ஒன்றற்கொன்று எதிரானவையாகக் கருதப்படுகின்றன. ஒன்று அத்தியட்ச முறை. அத்தியட்சர் (இன்றைய வழக்கில் பேராயர்) குருமாருக்குப் பட்டம் அளிப்பார். அவருடைய ஆளுகைக்குட்பட்ட சபைகள் ஒரே திருச்சபையாக இயங்கும். மற்றொன்று சபைத் தன்னாட்சி முறை. இதில் ஓரிடத்தில் கூடும் விசுவாசிகளின் கூட்டமே முழுமையான திருச்சபை. தன் ஊழியரைத் தானே தெரிந்துகொள்ளும் உரிமை அதற்கு உண்டு. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் இவ்விரு கொள்கைகளும் கடுமையாக மோதின.

திருநெல்வேலியில் இம்மோதல் வேறு வடிவம் பெற்றது. இங்குள்ள சபைகள் தன்னாட்சிக் கொள்கையைக் கற்று அதன்வழித் தோன்றியவை அல்ல. லுத்தரன் மரபினரான ஊழியர்களால், ஆங்கிலிக்கன் சங்கங்களின் பொருளுதவியால் உருவானவை. எனினும் மேலிருந்து வந்த ஆணையை ஏற்க மறுத்துத் தம் விருப்பப்படி நடந்த சபைகளை இவ்வரலாற்றில் காண்கிறோம். கொள்கை வழியாக வராத தன்னுரிமை உணர்வு எங்கிருந்து வந்தது, அது ஏன் ஓரிடத்தில் சில ஆண்டுகளில் கரைந்து மற்றோரிடத்தில் நிலைத்தது என்னும் வினாக்களே இக்கட்டுரைக்கு அடிப்படை.

ஊர்ச்சபையின் அமைப்பு

தமிழில் 'சபை' என்ற சொல் ஓர் ஊரில் கூடி வழிபடுவோரையும் குறிக்கும். உலகளாவிய திருச்சபையையும் குறிக்கும். திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களின் அன்றாட வழக்கில் முதற்பொருளே மேலோங்கியுள்ளது. 'எங்கள் சபை' என்றால் எங்கள் ஊர்ச்சபை என்றே பொருள்.

இதற்கு நிலவியல் காரணமும் உண்டு. தாமிரபரணிப் பாசனத்தின் நன்செய் ஊர்களைவிட, ஆற்றுக்குத் தெற்கே விரிந்த தேரி நிலத்துப் பனங்காட்டு ஊர்களிலேயே சீர்திருத்தச் சபைகள் பெருகின. முதலூர், நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், இடையன்குடி ஆகியவை இத்தகைய ஊர்கள். பாளையங்கோட்டையில் தங்கிய ஐரோப்பிய ஊழியர் இவ்வூர்களுக்கு எப்போதாவதுதான் வந்துபோக முடிந்தது. ஞாயிறு ஆராதனை நடத்தியவரும், பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவரும், நோயாளிகளைச் சந்தித்தவரும், வழக்குகளைத் தீர்த்துவைத்தவரும் உபதேசியாரே. அவரும் ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்தே சபையை நடத்தினர். ஆனால் அவர் குருப்பட்டம் பெற்றவர் அல்லர். திருவிருந்து வழங்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. சபையை நாள்தோறும் நடத்துபவர் ஒருவர், அதன்மீது அதிகாரம் உடையவர் வேறொருவர் என்ற இவ்விடைவெளியே பின்னாளைய முரண்பாடுகளின் விளைநிலம்.

அத்தியட்சர் இல்லாத குருப்பட்டம்

பாளையங்கோட்டைச் சபையின் 1780-ஆம் ஆண்டுப் பதிவேட்டில் நாற்பது பேர் இடம்பெற்றனர். அவர்களுள் முதன்மையானவர் 1778-இல் சுவார்ட்ஸ் ஐயரிடம் திருமுழுக்குப் பெற்ற குளோரிந்தா. அவர் முயற்சியால் எழுந்த ஆலயம் 1785-இல் பிரதிட்டை செய்யப்பட்டது. அச்சபையில் பணியாற்றிய சத்தியநாதன் 1790-இல் குருப்பட்டம் பெற்றார். அப்பட்டத்தை அளித்தவர்கள் லுத்தரன் குருமார். அத்தியட்சர் எவரும் அதில் பங்கேற்கவில்லை. 1733-இல் தரங்கம்பாடியில் ஆரோன் என்பவருக்குப் பட்டம் அளித்ததிலிருந்து தமிழகத்தில் வழங்கிவந்த மரபு அது.

இங்குக் கருதத்தக்க செய்தி, சத்தியநாதனின் பணியை ஆதரித்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் (எஸ்.பி.சி.கே.) ஓர் ஆங்கிலிக்கன் சங்கம் என்பதே. இந்தியாவில் ஆங்கிலிக்கன் அத்தியட்சர் இல்லாத காலத்தில் லுத்தரன் குருப்பட்டத்தை அச்சங்கம் தடையின்றி ஏற்றுக்கொண்டது. 1814-இல் கல்கத்தா அத்தியட்சாதீனம் நிறுவப்பட்டதும் நிலைமை மாறத் தொடங்கியது. இந்தியருக்குப் பட்டமளிக்கத் தமக்குச் சட்ட அதிகாரம் உண்டா என முதல் அத்தியட்சர் மிடில்டன் தயங்கினார். அத்தடை நீங்கிய பின் அவருக்கு அடுத்து வந்த ஹீபர் 1824-இல் கிறிஸ்தியான் தாவீதுக்குப் பட்டமளித்தார். அத்தியட்சர் வழியாகப் பட்டம் பெறும் வாய்ப்பு திறந்தவுடன், அவ்வழியன்றி வேறு வழி செல்லாது என்ற நிலைப்பாடும் வலுப்பெற்றது. நூறாண்டுக் காலம் செல்லுபடியான வழக்கம் ஒழுங்கீனமாகக் கருதப்படலாயிற்று.

1835-ஆம் ஆண்டுப் பிளவு

பிரஷ்ய நாட்டில் 1790-இல் பிறந்து லுத்தரன் முறையில் குருப்பட்டம் பெற்ற ரேனியஸ், சர்ச் மிஷனரி சங்கத்தின் (சி.எம்.எஸ்.) ஊழியராக 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். தமிழ் இலக்கண நூலாசிரியராகவும் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பாளராகவும் அவரைத் தமிழாய்வாளர் அறிவர். பாளையங்கோட்டைத் திரித்துவ ஆலயம் அவர் காலத்தில் 1826-இல் திறக்கப்பட்டது. உபதேசியார்களைப் பயிற்றுவித்து ஊர்தோறும் நிறுத்தும் முறையை அவர் விரிவுபடுத்தியதால் நூற்றுக்கணக்கான சிற்றூர்களில் சபைகள் தோன்றின.

புதிய கிறிஸ்தவர்கள் நிலவுடைமையாளரின் நெருக்கடிக்கு ஆளானபோது அவர்களுக்குக் குடியிருப்பு நிலம் வாங்கித் தர 1830-இல் அவர் தர்ம சங்கத்தைத் தொடங்கினார். அதற்கு முன்னரே பிரஷ்யப் பிரபு தோனாவின் கொடையால் வாங்கப்பட்ட ஊர் அவர் பெயரால் தோனாவூர் ஆயிற்று. இத்தகைய ஊர்கள் அடைக்கலம் தந்தன. அதே வேளையில், குடியிருக்கும் மண்ணுக்கே மிஷனைச் சார்ந்திருக்கும் நிலையையும் அவை தோற்றுவித்தன.

சபைகள் பெருகவே குருமார் தேவைப்பட்டனர். தம் உபதேசியார்களுள் சிலருக்குத் தாமே லுத்தரன் முறைப்படி பட்டமளிக்க விரும்பினார் ரேனியஸ். அத்தியட்சரிடமிருந்தே பட்டம் பெற வேண்டும் என்றது சங்கம். ஆங்கிலிக்கன் முறைப்படி பட்டம் பெறுவோர் அத்திருச்சபையின் எல்லா விதிகளுக்கும் கையொப்பமிட்டு உடன்பட வேண்டும். அவ்விதிகள் சிலவற்றுக்கு வேதத்தில் ஆதாரமில்லை என்பது ரேனியஸின் வாதம். 1834-இல் ஆங்கிலிக்கன் குரு ஒருவரின் நூலுக்கு எழுதிய மதிப்புரையில் அத்திருச்சபையின் முறைமைகளை அவர் வெளிப்படையாகவே குறைகூறினார். 1835-இல் சங்கம் அவரைத் தன் பணியிலிருந்து விலக்கியது.

சங்கத்தின் தரப்பிலும் நியாயம் இருந்தது. அது ஆங்கிலிக்கன் மக்களின் காணிக்கையால் இயங்கிய அமைப்பு. தன் செலவில் எழும் சபைகள் தன் திருச்சபைக்குப் புறம்பாக வளர்வதை அது ஏற்கவியலாது. மேலும், ஒரு மிஷனரியின் தனிப்பட்ட செல்வாக்கைச் சார்ந்து நிற்கும் சபைகள் அவர் மறைவுக்குப் பின் என்னவாகும் என்ற கேள்வியும் பொருளற்றதன்று.

விலக்கப்பட்ட ரேனியஸ் ஆர்க்காட்டுக்குச் சென்றார். வரலாறு அத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் உபதேசியார்களும் சபையாரும் அவரைத் திரும்ப அழைத்தனர். அவ்வழைப்பை ஏற்று அதே ஆண்டில் அவர் திருநெல்வேலிக்குத் திரும்பினார். ஓர் ஊழியரை விலக்கும் அதிகாரம் சங்கத்திற்கு இருந்தது; அவரை அழைக்கும் உரிமை தமக்கு உண்டு எனச் சபைகள் செயலால் காட்டின. தன்னாட்சிக் கொள்கையின் உயிர்நாடியான 'சபையின் அழைப்பு' என்பதை அக்கொள்கையைக் கேட்டறியாத பனங்காட்டுச் சபைகள் இவ்வாறு கையாண்டன.

தொடர்ந்து சபைகள் இரு பிரிவாயின. ஷாஃப்டர், முல்லர், லெக்லர் ஆகியோர் ரேனியஸுடன் நின்றனர். சங்கத்தின் சார்பில் பெட்டிட் பாளையங்கோட்டைப் பொறுப்பை ஏற்றார். ரேனியஸ் காலத்தில் எழுந்த திரித்துவ ஆலயம் சங்கத்தின் வசமே இருந்தது. பிரிந்தவர்களின் பணி, இந்தியாவிலும் இங்கிலாந்திலும் இருந்த நண்பர்களின் நன்கொடையை நம்பி நடந்தது. 1838 ஜூன் 5-இல் ரேனியஸ் காலமானார். அதன்பின் ஷாஃப்டரும் முல்லரும் சங்கத்திற்குத் திரும்பினர். லெக்லர் இலண்டன் மிஷனில் சேர்ந்து சேலத்தில் பணியாற்றினார். பிரிந்த சபைகளும் படிப்படியாகப் பழைய அமைப்பிற்குள் வந்தன.

இப்பிளவு மூன்றாண்டளவில் தளர்ந்ததற்குத் தலைவரின் மறைவு மட்டுமே காரணமாகாது. சபைகள் தமக்கு வேண்டியவரை அழைத்தனவேயன்றி, அவரையும் தம் உபதேசியார்களையும் தாங்கும் பொருள்வளம் அவற்றிடம் இல்லை. ஒரு சங்கத்தின் பணத்திற்கு மாற்றாக வேறு நண்பர்களின் பணம் வந்தது, சார்புநிலை மாறவில்லை.

மூக்குப்பேறியின் விடை

இரண்டாம் முரண்பாடு நாசரேத்தை அடுத்து எழுந்தது. அங்குச் சுவிசேஷப் பரப்புதல் சங்கத்தின் (எஸ்.பி.ஜி.) கீழ் உபதேசியாராக இருந்தவர் அருமைநாயகம். சட்டம்பிள்ளை என்னும் பெயராலேயே அவர் அறியப்பட்டார். நாசரேத் மிஷனரி கேமரருடன் ஏற்பட்ட பிணக்கால் 1850-ஐ ஒட்டி அவர் பணி இழந்தார். அதே காலத்தில், நாடார் சமூகத்தாரைப் பற்றிக் கால்டுவெல் 1849-இல் வெளியிட்ட நூல் அச்சமூகத்தின் கல்விகற்றோரைப் புண்படுத்தியிருந்தது. தம் வரலாற்றையும் தகுதியையும் மிஷனரிகள் வரையறுப்பதா என்ற கேள்வி, தம் சபையை மிஷனரிகள் ஆள்வதா என்ற கேள்வியோடு இணைந்தது.

1857-ஐ ஒட்டிச் சட்டம்பிள்ளையும் அவரைச் சார்ந்தோரும் மூக்குப்பேறியில் தனிச்சபை கண்டனர். ஐரோப்பிய வழக்கம் எனத் தாங்கள் கருதியவற்றை அவர்கள் விலக்கினர். குருப்பட்டம் பெற்ற குருமார் அச்சபையில் இல்லை. குழந்தைத் திருமுழுக்கு நீக்கப்பட்டது. ஞாயிற்றுக்குப் பதிலாகச் சனிக்கிழமை ஓய்வுநாளாயிற்று. திருவிருந்தில் புளித்த மதுவுக்குப் பதிலாகப் புளிக்காத திராட்சைச்சாறு பயன்பட்டது. பழைய ஏற்பாட்டு முறைகளோடு நாட்டு வழிபாட்டு மரபுகளும் இடம்பெற்றன. அயல்நாட்டுப் பணத்தை அச்சபை நாடவில்லை.

குருப்பட்டத்தைப் பற்றிய 1835-ஆம் ஆண்டு வாதத்தோடு இதனை ஒப்பிட வேண்டும். பட்டம் அளிக்க உரிமையுடையவர் அத்தியட்சரா குருமார் குழுவா என்பது ரேனியஸ் எழுப்பிய வினா. சட்டம்பிள்ளை வினாவையே நீக்கினார். பட்டம் பெற்றவர் என்ற தனிவகுப்பு இல்லையெனில் பட்டமளிப்பவரின் அதிகாரமும் இல்லை. ஊதியம் பெறும் குரு இல்லையெனில் ஊதியம் தருபவரின் பிடியும் இல்லை. இச்சபை பெரிதாக வளரவில்லை. ஆயினும் நிறுவியவரின் காலத்தோடு மறையாமல் சிறு சமூகமாக இன்றுவரை தொடர்கிறது. பெருந்தலைவரும் பெருந்தொகையினரும் இருந்த 1835-ஆம் ஆண்டு இயக்கம் நிலைபெறாதிருக்க, இச்சிறு சபை நிலைபெற்றதற்கு அதன் பொருளாதார அமைப்பே தலையாய காரணம் எனலாம். சென்னையில் பரணி ஆண்டி 1886-இல் தேசியத் திருச்சபையைத் தொடங்குவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே, ஒரு தேரிக்காட்டு ஊரில் இம்முயற்சி நடந்தது என்பதும் கருதத்தக்கது.

கொள்கையும் நடைமுறையும்

அத்தியட்ச முறையை விட்டுத் தன்னாட்சிக் கொள்கையை ஏற்ற மிஷனின் கீழ் இருந்திருந்தால் சபைகள் உரிமை பெற்றிருக்குமா? அண்டைப் பகுதியான தென்திருவிதாங்கூர் இதற்கு ஒப்பீடாக உதவும். 1795-இல் தோன்றிய இலண்டன் மிஷனரி சங்கம், எந்தத் திருச்சபை ஆட்சிமுறையையும் திணிப்பதில்லை என்றும், விசுவாசிகளாகும் மக்களே தமக்குரிய முறையைத் தெரிந்துகொள்வர் என்றும் அடுத்த ஆண்டே அடிப்படை விதி வகுத்தது. அச்சங்கத்தின் ரிங்கல்தௌபே 1806-இல் மயிலாடியில் பணியைத் தொடங்கினார். ஆனால் நாகர்கோவில், நெய்யூர்ப் பகுதிகளின் ஊர்ச்சபைகளும் நெடுங்காலம் மிஷனரியின் மேற்பார்வையிலேயே இயங்கின. உபதேசியாரை அமர்த்துவதும் மாற்றுவதும் ஊதியம் அளிப்பதும் மிஷன் கையில் இருந்தன. எழுதப்பட்ட கொள்கை வேறுபட்டாலும் பணத்தின் போக்கு ஒன்றாக இருந்ததால் அதிகாரத்தின் போக்கும் ஒன்றாகவே இருந்தது.

தன்னுரிமையின் மறுபக்கம்

சபையின் தன்னுரிமை எப்போதும் எளியோரின் உரிமையாக அமைவதில்லை. சபையின் குரல் என்பது சபைக்குள் வலியோரின் குரலாகவும் இருக்கக்கூடும். சபைகளில் சாதி வேறுபாட்டை உடனே விட்டொழிக்க வேண்டும் எனக் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் 1833-இல் சுற்றறிக்கை விடுத்தபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்கள் தங்கள் சபையின் பழைய உரிமையையே காரணமாகக் காட்டினர்.

திருநெல்வேலிச் சீமையின் கத்தோலிக்க ஊரான வடக்கன்குளம் இதற்கு மேலும் தெளிவான சான்று. அங்கு 1872-இல் எழுந்த ஆலயம் இரு சாதியாரும் தனித்தனியே அமரும் வகையில் இரு கிளையாகக் கட்டப்பட்டது. 1910-இல் குருமார் அத்தடுப்பை அகற்றினர். வழக்காற்றுரிமையைக் கோரி ஒரு பிரிவினர் தொடுத்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும் வெற்றிபெறவில்லை. இங்கு மேலதிகாரமே சமத்துவத்தின் பக்கம் நின்றது. எனவே அதிகாரம் என்றால் அடக்குமுறை, தன்னுரிமை என்றால் விடுதலை என்ற எளிய சமன்பாட்டால் இவ்வரலாற்றை விளக்கவியலாது. எந்த அதிகாரம் யாருக்காக, எந்த உரிமை யாருக்கு எதிராக என்று ஒவ்வொரு நிகழ்விலும் வினவ வேண்டியுள்ளது.

மிஷனிலிருந்து மன்றத்திற்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சர்ச் மிஷனரி சங்கமே இச்சிக்கலை உணர்ந்தது. அதன் செயலாளர் ஹென்றி வென், தன்னைத்தானே தாங்கி, தன்னைத்தானே ஆண்டு, தன்னைத்தானே பரப்பும் சபைகளே மிஷன் பணியின் இலக்கு என வகுத்தார். இம்மூன்றனுள் தாங்குதலுக்கும் ஆளுதலுக்கும் உள்ள தொடர்பு தெளிவானது. சபைகள் தம் குருமாரின் ஊதியத்தில் பங்கேற்கத் தொடங்கிய பின்னரே, 1860களின் இறுதியில் இந்தியக் குருமாரும் சபைப் பிரதிநிதிகளும் அமரும் மன்றங்கள் திருநெல்வேலியில் உருவாயின. கைப்பிடி அரிசி, முதற்பலன், அறுப்பின் பண்டிகைக் காணிக்கை ஆகியவற்றைப் பக்திச் செயல்களாக மட்டும் காண்பது போதாது. ஊர்ச்சபை ஆட்சியில் பங்கு பெற்றதற்கான அடிப்படையும் அவற்றில் உண்டு.

அதே காலத்தில் அத்தியட்ச அதிகாரமும் அருகில் வந்தது. 1877-இல் கால்டுவெல்லும் சார்ஜென்ட்டும் உதவி அத்தியட்சர்களாயினர். 1896-இல் திருநெல்வேலி தனி அத்தியட்சாதீனமாகி, சாமுவேல் மோர்லி முதல் அத்தியட்சரானார். 1903-இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம், தமிழ்க் கிறிஸ்தவர்களின் பணத்தாலும் ஆட்களாலும் நடைபெற்றது. அதன் நிறுவனர்களுள் முதன்மையானவரும் வெள்ளாளன்விளையில் பிறந்தவருமான வே. ச. அசரியா 1912-இல் தோர்ணக்கல் அத்தியட்சரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பொறுப்பேற்ற முதல் இந்தியர் அவரே.

1919 மே மாதம் தரங்கம்பாடியில் நடந்த திருச்சபை ஒற்றுமைக் கூட்டத்தில் அசரியா முதன்மைப் பங்காற்றினார். அக்கூட்டம் தொடங்கிவைத்த உரையாடல் 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவேறியது. இணைந்த மரபுகளுள் தன்னாட்சி மரபும் ஒன்று. புதிய திருச்சபை பேராயர் முறையை ஏற்றது. ஆனால் பேராயர் அமைப்புவிதிக்குக் கட்டுப்பட்டவர். அத்தியட்சர் கையால் பட்டம் பெறாத குருமாரும் மறுபட்டமின்றி ஏற்கப்பட்டனர். எந்தச் சபையின் நெடுநாள் மரபுக்கும் மாறான ஊழியத்தையோ வழிபாட்டு முறையையோ அதன்மீது திணிப்பதில்லை என்றும் உறுதியளிக்கப்பட்டது. ரேனியஸின் லுத்தரன் குருப்பட்டத்தைப் பற்றி 1835-இல் எழுந்த வழக்கிற்கு, நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் இவ்வாறு இணக்கமான விடை கிடைத்தது.

ஆனால் அவ்வழக்கின் மறுபாதிக்கு அத்தகைய விடை கிடைக்கவில்லை. ஊரார் காணிக்கையால் எழும் ஆலயமும் பள்ளியும் திருச்சபையின் சொத்துப் பொறுப்பமைப்புகளின் பெயரில் நிற்கின்றன. அவ்வமைப்புகளை நடத்தும் மன்றங்களுக்கு ஊர்ச்சபைகள் வாக்களித்துப் பிரதிநிதிகளை அனுப்புகின்றன. திருமண்டலத் தேர்தல்கள் இத்துணைக் கடுமையாக நடப்பதற்கும் நீதிமன்ற வழக்குகளாக நீள்வதற்கும் இதுவே அடிப்படை. இவ்வழக்குகளைத் தனிமனிதப் போட்டிகளாக மட்டும் காண்போர், அவற்றின் பின்னுள்ள இருநூற்றாண்டு வினாவைக் காணத் தவறுவர்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று முடிவுகளை எட்டலாம். முதலாவது, திருநெல்வேலிச் சபைகளின் தன்னுரிமை உணர்வு அயல்நாட்டுக் கொள்கையின் இறக்குமதி அன்று. உபதேசியாரும் ஊர்ப் பெரியவர்களும் நடத்திய ஊர்ச்சபை அமைப்பிலிருந்து பிறந்தது. இரண்டாவது, அத்தன்னுரிமை நிலைத்ததும் நிலையாததும் அதன் இறையியல் வலிமையைவிட ஆலயம், நிலம், ஊதியம் ஆகியவற்றின் மீதான உரிமையையே மிகுதியும் சார்ந்திருந்தன. 1835-ஆம் ஆண்டுப் பிளவையும் மூக்குப்பேறிச் சபையையும் ஒப்பிடுவதால் இது விளங்கும். மூன்றாவது, மேலதிகாரம், தன்னுரிமை ஆகிய இரண்டும் தம்மளவில் நன்மையோ தீமையோ அல்ல. சபைக்குள் நிலவிய சாதி, பொருளாதார உறவுகளோடு சேர்த்தே அவற்றை மதிப்பிட வேண்டும்.

மிஷனரிகளின் கடிதங்களையும் அறிக்கைகளையும் கொண்டே இவ்வரலாறு பெரிதும் எழுதப்பட்டுள்ளது. ஊர்ச்சபைகளின் காணிக்கைக் கணக்கேடுகளும் சேகரக் குறிப்பேடுகளும் நிலப்பத்திரங்களும் முறையாகத் தொகுக்கப்பட்டு ஆராயப்படுமானால், ரேனியஸை ஆர்க்காட்டிலிருந்து திரும்ப அழைத்த மக்களின் தரப்பு மேலும் தெளிவாகும்.